எஞ்சின் இல்லை, பைலட் இல்லை... பலத்த காற்றில் ‘புஷ்பக்’ ஓடுபாதையைப் பிடித்தது எப்படி?

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்வாங்க. ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் பைக் ஓட்டியவர்களுக்கு அது வெறும் பழமொழி இல்லை. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளும். எதிர்க்காற்று என்றால் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி திணறும். அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

பைக்கில் எஞ்சின் இருக்கிறது, சமாளித்துவிடலாம். ஆனால் எஞ்சினே இல்லாமல் வானத்தில் இருந்து இறங்கும் விமானம், பலத்த காற்றில் சிக்கினால் என்ன ஆகும்?

2024 ஜூன் 23ஆம் தேதி கர்நாடக மாநிலம் சித்ரதுர்காவில் இஸ்ரோ இதைத்தான் சோதித்துப் பார்த்தது. ‘புஷ்பக்’ என்ற இறக்கை கொண்ட வாகனம், முந்தைய சோதனைகளைவிடக் கடுமையான காற்றில், ஆள் யாரும் ஓட்டாமல் தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. அதன் பின்னால் இருக்கும் கணக்கு என்ன? பார்க்கலாம்.

உயரம்தான் பெட்ரோல்

எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர். சாதாரண காற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் முன்னால் போகும். இருக்கும் உயரத்தைச் செலவழித்து, வேறு உதவி இல்லாமல் ஓடுபாதை வரை வந்து சேரும் கடைசிக் கட்டத்தை ‘ஃபைனல் கிளைடு’ என்பார்கள். இங்கே உயரம்தான் பெட்ரோல்.

ஒரு கிளைடர் 1 கி.மீ. இறங்குவதற்குள் 40 கி.மீ. முன்னேறும், வேகம் மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 கி.மீ. உயரம் தீர 24 நிமிடம் ஆகும்.

காற்றே இல்லை என்றால்: 40 கி.மீ. போகலாம்.

30 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று என்றால்: தரையைப் பொறுத்த வேகம் 70 கி.மீ. மட்டுமே. அதே 24 நிமிடத்தில் 28 கி.மீ.தான் போக முடியும்.

அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால்: 52 கி.மீ. வரை போகலாம்.

விமானம் அதேதான், உயரமும் அதேதான். காற்றால் மட்டும் 24 கி.மீ. வித்தியாசம் வருகிறது. 35 கி.மீ. தூரத்தில் ஓடுபாதை இருந்தால், எதிர்க்காற்று நாளில் அங்கே போய்ச் சேரவே முடியாது.

மெதுவாகப் போனால் தப்பிக்கலாமா?

உயரத்தை மிச்சம் பிடிக்க மெதுவாகப் போகலாமே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எதிர்க்காற்றில் அது எடுபடாது. 60 கி.மீ. காற்றுக்கு எதிரே 60 கி.மீ. வேகத்தில் பறந்தால், நின்ற இடத்திலேயே கீழே இறங்க வேண்டியதுதான்.

அதனால் எதிர்க்காற்றில் வேகத்தைக் கூட்ட வேண்டும். வழக்கமான சிறந்த வேகத்தோடு, எதிர்க்காற்றின் வேகத்தில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்துக்கொள் என்பது கிளைடர் பைலட்களின் கைக்கணக்கு. ரொம்பவும் கூட்டினால் உயரம் சீக்கிரம் கரைந்துவிடும். எந்த நேரத்தில் எந்த வேகம் என்பதற்குக் கணக்கு வகுத்துப் பெயர் வாங்கியவர் அமெரிக்காவின் பால் மெக்ரெடி. 1956இல் உலக கிளைடர் சாம்பியன் ஆனவர். அவர் காலத்தில் கருவியைச் சுற்றிய ஒரு வளையத்தைத் திருப்பிப் பார்த்த கணக்கை, இன்று ஃபிளைட் கம்ப்யூட்டர் பறக்கும்போதே தொடர்ந்து போட்டுக் காட்டுகிறது.

கம்ப்யூட்டருக்குக் காற்று எப்படித் தெரியும்?

இரண்டு வேகங்களை அது ஒப்பிடுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகத்தை அழுத்தமானி சொல்லும். தரைக்கு மேலே உண்மையில் நகரும் வேகத்தையும் திசையையும் செயற்கைக்கோள் சிக்னல் சொல்லும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் காற்று.

புஷ்பக்கிலும் அடிப்படை இதுதான். வாகனத்தின் மேற்பரப்போடு ஒட்டிய துளைகள் வழியாகக் காற்றழுத்தம் அளக்கப்படுகிறது. இருக்கும் இடத்தை நாவிக் செயற்கைக்கோள்களும், அதே வேலையைத் தரையில் இருந்தபடி செய்யும் டிரான்ஸ்மிட்டர்களும் சொல்கின்றன. தரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதை ரேடார் அளக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது.

அன்று நடந்தது என்ன?

விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர், புஷ்பக்கை 4.5 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிச் சென்று விடுவித்தது. ஓடுபாதை 4.5 கி.மீ. தூரத்தில் இருந்தது. அதுவும் நேர்க்கோட்டில் இல்லை, வேண்டுமென்றே 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விடப்பட்டது. இரண்டாவது சோதனையில் இந்த விலகல் 150 மீட்டர்தான்.

கிளைடர் போல 40 கி.மீ. மிதக்கும் உடல்வாகு புஷ்பக்குக்குக் கிடையாது. செங்குத்தாகவும் வேகமாகவும்தான் இறங்கும். தரையைத் தொட்டபோது வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல். பயணிகள் விமானம் தொடுவது சுமார் 260 கி.மீ. வேகத்தில். ஆனாலும் விலகலைச் சரிசெய்து, ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே இறங்கியது. பிறகு பாராசூட் விரிந்து வேகத்தை 100 கி.மீ. அளவுக்குக் குறைக்க, மீதியைச் சக்கர பிரேக் பார்த்துக்கொண்டது.

கம்ப்யூட்டரை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. கம்ப்யூட்டர் அளப்பது விமானம் இப்போது இருக்கும் இடத்தின் காற்றை. இன்னும் 5 கி.மீ. தள்ளி, மலைக்குப் பின்னால் காற்று எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. உயரத்துக்கு உயரமும் காற்று மாறும். பலத்த காற்று மலையைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் விமானத்தையும் சேர்த்துக் கீழே அமுக்கிவிடும்.

அதனால்தான் கிளைடர் பைலட்கள், திரையில் ‘போய்ச் சேரலாம்’ என்று காட்டினாலும் கூடுதல் உயரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறார்கள். உயரம் மிஞ்சினால் ஏர்பிரேக்கைத் திறந்து குறைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் கடன் வாங்க இடமில்லை. கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தால், உயரம் இருக்கும்போதே பாதுகாப்பான வயல்வெளியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

புஷ்பக்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இன்னொரு முறை சுற்றி வந்து இறங்க எஞ்சின் இல்லாததால், இருப்பது ஒரே ஒரு முயற்சிதான்.

இது எதற்கு?

விண்வெளிக்குப் போய்வந்த வாகனத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு குறையும். 2016 மே 23 அன்று இஸ்ரோ நடத்திய முதல் சோதனையில், வாகனம் வங்கக் கடலில்தான் இறங்கியது. 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 என மூன்று முறை ஓடுபாதையில் இறக்கிக் காட்டியாகிவிட்டது. இரண்டாவது சோதனையில் பறந்த அதே உடலைத்தான் மூன்றாவதிலும் பறக்கவிட்டார்கள்.

மேலே போகத் தேவையான ராக்கெட் எஞ்சின்களை இஸ்ரோ, பணகுடிக்கு அருகே மகேந்திரகிரியில் எரியவிட்டுச் சோதிக்கிறது. சுற்றுப்பாதைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது புஷ்பக் திட்டத்தின் அடுத்த இலக்கு. அன்றைக்கும் ஓடுபாதையை நெருங்கும் கடைசி நிமிடங்களில் எஞ்சின் கைகொடுக்காது. மிச்சமிருக்கும் உயரத்தையும் அடிக்கும் காற்றையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.