அலியின் தாயும் உத்தம சோழனின் தாயும்

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கு ‘உம்மு அலி’ என்னும் எகிப்திய இனிப்பு புதிதாக இராது. மெல்லிய மாவுத் தகடுகளை மொறுமொறுப்பாகச் சுட்டு, நொறுக்கி, மண்சட்டியில் பரப்புவர். பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை தூவிச் சர்க்கரையிட்ட சூடான பாலை ஊற்றுவர். தகடுகள் பாலில் ஊறியதும் மேலே பாலேட்டைப் பரப்பி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை அடுப்பினுள் வைத்துச் சுடுவர். சூடு ஆறுமுன் உண்பர்.

உம்மு அலி என்றால் ‘அலியின் தாய்’. யார் அவள்?

1249இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி எகிப்தின்மீது படையெடுத்திருந்த வேளையில் சுல்தான் சாலிஹ் அய்யூப் இறந்தார். அச்செய்தியை மறைத்து ஆட்சியைக் காத்தவர் அவருடைய மனைவி ஷஜருத் துர். 1250இல் அவரே அரியணையேறிச் சுமார் எண்பது நாட்கள் ஆண்டார். அவர் வெளியிட்ட நாணயத்திலும், மறைந்த தம் மகனை முன்னிட்டு, ‘கலீலின் தாய்’ என்றே குறிக்கப்பட்டார். பின்னர் ஐபக் என்ற தளபதியை மணந்து, 1257இல் அவரைக் கொல்வித்தார். ஐபக்கின் முதல் மனைவி, அதாவது அலியின் தாய், தன் பணிப்பெண்களைக் கொண்டு மரச்செருப்புகளால் ஷஜருத் துர்ரை அடித்துக் கொல்வித்தாள் என்பர். அம்மகிழ்ச்சியில் ஊருக்குப் பங்கிடப்பட்டதே இவ்வினிப்பு என்பது செவிவழிக் கதை மட்டுமே. ஒரு தாய் மற்றொரு தாயை வென்ற கதையில், வென்றவளின் சொந்தப் பெயர்கூட எஞ்சவில்லை.

மகனின் பெயருக்குப் பின்னே மறைந்த தாயரை எண்ணுகையில், இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளை உள்ளடக்கிய பழைய மழநாடு நினைவில் எழுகிறது. மழவர் குலத்தில் பிறந்து கண்டராதித்த சோழரை மணந்தவர் செம்பியன் மாதேவி. கல்வெட்டுகள் அவரை உத்தம சோழனைப் பெற்ற திருவயிறு உடையவராகப் போற்றுகின்றன. ‘செம்பியன் மாதேவி’ என்பதும் சோழப் பேரரசி எனப் பொருள்படும் பட்டமே. பெற்றோர் இட்ட பெயரை நாம் அறியோம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கிய அவருடைய திருப்பணிகள் நிற்கின்றன. கணவர் பெயர் தாங்கிய அரியலூர் மாவட்டத்துக் கண்டராதித்தம் ஊரின் பேரேரி இன்றும் அவர் பட்டப்பெயரால் அறியப்படுகிறது. அலியின் தாய்க்கு எஞ்சியதோ ஒரு சட்டிப் பாலும் ஒரு கொலைப்பழியும். அந்தப் பழியாவது உண்மைதானா என்று சொல்ல அவள் பக்கத்துச் சாட்சி ஒன்றும் இல்லை.