பயத்தோடுதான் போனார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் தம்பி வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். எல்லோரும் பிரியாணி சாப்பிட்டு முடித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். தம்பியின் மூத்த மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். மெதுவாகச் சொன்னான்: "அத்தை, பஸ்ஸுல கூட வர்றவன் ஒருத்தன், 'உங்க ஆளுங்க எல்லாம் பால்பவுடருக்கு மாறினவங்கதானே'ன்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இப்பல்லாம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள்ள போட்டுக்கறேன். பயமாத்தான் இருக்கு."

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் வரலாறு பாடம் எடுத்தவள் நான். பானிபட் போர் மூன்றையும் தேதியோடு உங்களை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். ஆனால் நம் மாவட்டத்தின் கதையை, நம் வீட்டுப் பிள்ளைக்கே சொல்லித் தரவில்லை. அது என் தவறு. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாணவர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறீர்கள். இது யாரையும் எங்கும் அழைக்கிற பதிவு இல்லை. இராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வாழ்ந்த ஏழை ஜனங்கள் பயத்தையும் பாடுகளையும் எப்படித் தாங்கினார்கள் என்கிற வரலாறு, அவ்வளவுதான்.

இன்று சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் போக வேண்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது 1998-இல். ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது 2010-இல். அதற்கு முன்னால் இது ஏரிப் பாசன நெல் பூமி. ஒவ்வொரு கிராமமும் இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஊர், சேரி. நிலம் ஊரிடம், உழைப்பு சேரியிடம்.

செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை மிகவும் பலமாக இருந்தது. மிராசுதார் என்றால் நிலம் வைத்திருப்பவர் என்று மட்டும் நினைக்காதீர்கள். தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு சேரியில் ஒருவர் சர்க்காருக்குத் தர்காஸ்து மனு போட்டால், "எனக்குத்தான் முதல் உரிமை" என்று மிராசுதார் குறுக்கே வரலாம். சேரி மனிதர் குடிசை போட்டிருந்த மனையும் பெரும்பாலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுதான். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கின சில ரூபாய்க் கடனுக்கு ஒருவர் படியாளாகப் போவார். அந்தக் கடன் அடையாது. மகனும் படியாள், பேரனும் படியாள். 1843-இலேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் சேரிக்கு வந்து சேரவில்லை.

இந்த நிலையில்தான் 1876-இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவருக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். மண் சுமக்கிறவனுக்கு அது போதாது என்று அப்போதே பலர் சொன்னார்கள். நீங்கள் மகாபலிபுரம் போகும்போது பார்க்கிற பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான்.

இப்போது அந்தப் பஸ் கேள்விக்கு வருகிறேன். பசியில் சிலர் வேதத்தில் சேர்ந்தார்களா? சேர்ந்தார்கள். மறைக்க எதுவும் இல்லை. பசித்தவன் சோறு இருக்கிற பக்கம் போனதில் கேவலமும் இல்லை. பஞ்சம் தீர்ந்ததும் சிலர் திரும்பிப் போனதும் உண்டு. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பஞ்சக் கஞ்சி 1878-ஓடு நின்றுவிட்டது. நம் ஜில்லாவில் சேரி சேரியாக ஜனங்கள் வந்தது அதற்குப் பிறகு, 1880-களிலும் 1890-களிலும். அப்போது சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது அரிசி அல்ல. "வேதத்துல சேர்ந்தா மனையைக் காலி பண்ணு" என்கிற மிரட்டல். அறுவடைக்குக் கூப்பிடாமல் விடுவது. கொடுத்த கடனை ஒரே நாளில் திருப்பிக் கேட்பது. வழக்கு. ஒரு படி அரிசிக்காக மட்டும் யாராவது இதற்கெல்லாம் துணிவார்களா?

அப்படியானால் அவர்கள் கேட்டது என்ன? பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "எங்களுக்கு ஒரு வாத்தியாரை அனுப்புங்கள்."

இதில் மிஷனரிகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். அதுதான் பின்னால் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அதற்குக் கிளைகள் வந்தன. ஆனால் அவர்கள் கவனம் பல காலம் பட்டணத்து உயர்சாதிப் பிள்ளைகள் மேல்தான் இருந்தது. மேலே இருப்பவர்கள் மாறினால் கீழே தானாக வந்துவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. கூப்பிடாத சேரி ஜனங்கள் தாங்களாகவே கதவைத் தட்டினார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, சேரியாக முடிவெடுத்து வந்தார்கள். அதன் பிறகுதான் மிஷனரிகள் பலர் கிராமத்துப் பக்கம் திரும்பினார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ. திருவள்ளூர் பக்கம் ஈக்காட்டில் வில்லியம் கௌடி. படியாள் முறையைப் பற்றியும் மனை உரிமை பற்றியும் இவர்கள் விடாமல் எழுதினார்கள். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் என்கிற ஆங்கிலேயர், பறையர் மக்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை கொடுத்தார். மனை, நிலம், பள்ளி மூன்றையும் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். மேலிடம் பல யோசனைகளைத் தட்டிக்கழித்தது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி ஓர் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழியாக வந்ததுதான். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஒரு பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள். ஆண்ட்ரூ நிலமற்றவர்களைக் குடியமர்த்திய ஊர் அது.

இவையெல்லாம் புத்தகத்தில் உள்ளவை. இனி புத்தகத்தில் இல்லாத ஒன்று.

என் ஆயாவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள், பல் இல்லாமல் சிரித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஆயாவின் அப்பா காலத்தில்தான் எங்கள் சேரி வேதத்தில் சேர்ந்தது. ஓலைக் கொட்டகை ஒன்று போட்டார்களாம். பகலில் அது பள்ளிக்கூடம், இரவில் ஜெபவீடு. பகலில் பிள்ளைகளும் மாடு மேய்க்கப் போய்விடுவதால் பாதிப் படிப்பும் இரவில்தான். ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு உபதேசியார், நாலைந்து சிலேட்டு. அந்த வருஷம் நடவுக்கு இவர்களைக் கூப்பிடவில்லை. கிழங்கு தோண்டித் தின்றார்கள். ஒரு நாள் கொட்டகை எரிந்தது. யார் கொளுத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் கூடினார்களாம்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெருமையாக, "பாத்தியா ஆயா, வேதத்துல சேர்ந்ததும் பயமே போயிடுச்சு" என்றேன். ஆயா என்னை முறைத்துப் பார்த்தது. "பயம் போச்சுன்னு எவ சொன்னா உனக்கு? எங்கப்பனுக்கு வயித்தக் கலக்குமாம். எங்கம்மா வேணாம்னு அழுவாளாம். பயத்தோடதான் போனாங்க. ஆனா போனாங்க."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். விசுவாசத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாத்திராகமக் கதையை முழுவதும் சொல்லும். எகிப்தில் அடிமைகள் செங்கல் அறுத்தது, வைக்கோலை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கை செங்கல் கேட்டது, அந்த அழுகுரல் கடவுளுக்குக் கேட்டது. நம் பக்கத்துச் சூளையில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களும் இதே கதையைத்தான் பிடித்துக்கொண்டார்கள், பாட்டாகப் பாடினார்கள். கடல் தாண்டி இரண்டு ஜனங்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். "நம்ம கஷ்டத்தப் பாக்கறவர் ஒருத்தர் இருக்கார்" என்கிற நினைப்பு வயிற்றை நிரப்பாது. ஆனால் தான் மாடு இல்லை, மனுஷன் என்று ஒருவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆயாவின் அப்பா கைநாட்டு வைப்பதை விட்டுவிட்டுத் தன் பெயரை எழுதக் கற்றார். நிலத்துக்குப் போட்ட தர்காஸ்து மனுவில் கையெழுத்துப் போட்டார். மனு தள்ளுபடி ஆனது. மறுபடியும் போட்டார்.

1936-இல் லெஸ்லி நியூபிகின் என்கிற இளைஞர் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியராக இங்கே வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவைச் சிகிச்சைகளுக்காக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். 1939-இல் மறுபடி வந்து காஞ்சிபுரத்தில் தங்கி, இந்தக் கிராமச் சபைகளோடு இருந்தார். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் முதல் பிஷப்புகளில் அவரும் ஒருவர். உலகம் அவரைப் பெரிய இறையியலாளர் என்கிறது. அவர் பழகியது நம் ஆயாக்களோடும் உபதேசியார்களோடும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சொன்னால் அது வரலாறு ஆகாது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்குள்ளும் சாதி நுழைந்தது. தனி இருக்கை, தனிக் கல்லறை என்று வெட்கப்பட வேண்டியவை நடந்தன. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. சேரி மாறவில்லை, சாதிப் பேச்சு மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது. சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று பயந்து வாழ்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளை படிக்க வேண்டுமே.

பஞ்சமி நிலத்திலும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று வேதத்துப் பெயர், ஒன்று ஏழுமலையான் பெயர். இருவரும் கேட்டது ஒரே நிலம். வருஷா வருஷம் அந்த நாளில் ஜனங்கள் கூடி நினைவுகூருகிறார்கள்.

தம்பி மகனே, இப்போது உனக்கு. சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வதா வெளியே போட்டுக்கொள்வதா என்பது உன் இஷ்டம். அதை வைத்து உன் விசுவாசத்தை நான் அளக்க மாட்டேன். பயமாக இருக்கிறது என்று நீ சொன்னதற்காக வெட்கப்படவும் வேண்டாம். உன் எள்ளுத்தாத்தாவுக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அடுத்த முறை அந்தப் பையன் பால்பவுடர் என்று சிரித்தால், சண்டை போடாதே. டீ வாங்கிக் கொடுத்து, இந்தக் கதையைச் சொல். பசி உண்டு, அதை மறுக்காதே. அதற்குப் பிறகு வந்த முப்பது நாற்பது வருஷக் கதையையும் சேர்த்துச் சொல். அவன் வீட்டிலும் மிராசுதாரிடம் கைகட்டி நின்ற ஒரு தாத்தா இருந்திருக்கக்கூடும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது வயதுக்கு மேல் யாராவது இருந்தால், எந்த மதமானாலும் சரி, இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஏரி, எந்தக் கொட்டகை, யார் வாத்தியார், அந்தப் பஞ்சத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஏரிகளில் சில இப்போதே இல்லை. என் ஆயாவிடம் நான் இன்னும் நிறையக் கேட்டிருக்க வேண்டும். அந்த உபதேசியாரின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி டீச்சர்