பின்தள்ளப்பட்ட கூலி: இளம் கால்பந்தாட்ட வீராங்கனைகளின் ஒப்பந்தக் கோரிக்கை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த ஊதியத்தில் ஆடும் இளம் கால்பந்தாட்ட வீராங்கனைகள் மேம்பட்ட ஒப்பந்தம் கோரலாமா என்னும் வினாவை, தமிழகத்தில் இளையோர் உழைப்பு ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பாலர் நாடகக் கம்பெனி, நூற்பாலை, கால்பந்துக் கழகம் ஆகிய மூன்றிலும் கூலி குறைவாக இருப்பதைக் காட்டிலும் அது பின்தள்ளப்படுவதே அடிப்படைச் சிக்கல் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மகளிர் கால்பந்து, பாலர் நாடகக் கம்பெனி, பயிலுநர், ஒப்பந்தச் சட்டம், தொழிற்சங்கம்

முன்னுரை

அருப்புக்கோட்டை, அதனை ஒட்டிய பாளையம்பட்டி, திருச்சுழி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வானம் பார்த்த நிலப்பகுதி தறிக்கும் நூலுக்கும் பெயர் பெற்றது, கால்பந்துக்கு அன்று. ஆயினும் இப்பகுதிக்கு வடக்கே காரியாபட்டி வட்டத்துப் புல்லூரில் பொறியியல் கல்லூரி நடத்தும் சேது கல்விக் குழுமத்தின் ஆதரவில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு, 2016இல் சேது கால்பந்துக் கழகம் உருவாயிற்று. 2019 மே 22 அன்று லூதியானாவில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்னும் கோல் கணக்கில் வென்று, இந்திய மகளிர் லீக் பட்டத்தை இக்கழகம் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. 2022இல் இரண்டாம் இடம் பெற்றது.

இந்திய மகளிர் லீக் தொடங்கியதே 2016-17இல்தான். தொடக்க ஆண்டுகளில் அதன் இறுதிச் சுற்று ஒரே ஊரில் சில வாரங்களுக்குள் முடிந்துவிடும். ஆட்டம் சில வாரங்கள்; அதற்கான பயிற்சியோ ஆண்டு முழுவதும். ஆடிய நாளுக்குத்தான் கூலியா, ஆடத் தகுதி பெறுவதற்காக உழைத்த நாளுக்கும் உண்டா என்னும் வினா இங்கேதான் பிறக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் அணிக்குள் வரும் ஒரு பெண் இவ்வினாவை எழுப்பினால், 'நீ இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாய்' என்பதே அவளுக்குக் கிடைக்கும் முதல் விடை. இவ்விடை கால்பந்துக்கே உரியதன்று. தமிழகத்தில் அதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

கற்பவருக்கு ஏது கூலி?

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மதுரையை மையமாகக் கொண்டு இயங்கிய பாலர் நாடகக் கம்பெனிகள் அவ்வரலாற்றின் செழுமையான பகுதி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. இத்தகைய கம்பெனிகளில் உணவும் உறைவிடமும் கம்பெனியின் பொறுப்பு. பாட்டும் வசனமும் ஆட்டமும் வாத்தியாரின் பொறுப்பு. சம்பளம் என ஒன்று உண்டாயின் அது பெரும்பாலும் தந்தையின் கைக்குச் சென்றது. சிறுவன் 'கற்கிறான்' என்பதால் அவனது கூலியின் பெரும்பகுதி எதிர்காலத்தில் வைக்கப்பட்டது. இன்று சிறுவேடம், நாளை ஸ்திரீபார்ட், அதன்பின் ராஜபார்ட். பெயரும் பணமும் அங்கேதான்.

ஆனால் இடையில் மகரக்கட்டு வரும். குரல் உடையும் அப்பருவத்தில் பாடும் சிறுவனின் சந்தை மதிப்பு ஓரிரு மாதங்களில் சரிந்துவிடும். குரல் மீளாதவனுக்கு எதிர்காலத்தில் வைக்கப்பட்ட கூலியும் இல்லை. கழிந்த ஆண்டுகளுக்கான கணக்கும் இல்லை. நாடக வரலாற்று நூல்கள் குரல் மீண்டவர்களின் கதையையே மிகுதியும் சொல்கின்றன. அவர்களே பின்னாளில் தன்வரலாறு எழுதினர் என்பதால் இதில் வியப்பில்லை. தி. க. ச. சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கியதைக் கலைத்துறை நிகழ்வாக மட்டுமே ஆய்வாளர்கள் பார்த்துள்ளனர். உழைப்பவர் தம் ஒப்பந்தத்தைத் தாமே எழுதிக்கொண்ட நிகழ்வாகவும் அதனைப் படிக்க இடமுண்டு.

இதே அமைப்பு நூற்பாலைகளில் வேறு வடிவம் கொண்டது. தென், மேற்கு மாவட்ட ஆலைகளில் 'சுமங்கலி' முதலான பெயர்களில் வழங்கிய திட்டங்கள், மானாவாரி ஊர்களின் பதின்வயதுப் பெண்களைப் 'பயிலுநர்' என்று சேர்த்துக்கொண்டன. நாட்கூலி குறைவு, ஏறத்தாழ மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை. உடல்நலம் கெட்டு இடையில் வீடு திரும்பியவர்களுக்கு அத்தொகை கிடைக்காமற் போனதே இத்திட்டங்கள் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. தமிழக அரசு 2008இல் நூற்பாலைப் பயிலுநருக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் எனக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தமை, கற்பவருக்கும் கூலி உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

கால்பந்தில் பின்தள்ளப்படும் கூலியின் பெயர் சான்றிதழ். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீடு, காவல்துறை, ரயில்வே முதலிய துறைகளின் வேலைவாய்ப்பு ஆகியவையே பல குடும்பங்கள் மகளை மைதானத்துக்கு அனுப்புவதன் காரணம். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணிபுரிந்துகொண்டே இந்திய அணிக்கு ஆடியவர். அவரைப் போன்றோரின் வெற்றி உண்மையானது. அதைக் காட்டிச் சம்பளம் கேட்காதிருக்கச் சொல்வது வேறு. முழங்கால் தசைநார் அறுந்த பெண்ணுக்கு அச்சான்றிதழ் எட்டுவதில்லை. மகரக்கட்டுக்கும் ஆலையிலிருந்து இடையில் திரும்பியதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை: மூன்றிலும் முழுக் கூலி இறுதியில் இருப்பதால், இடையில் விழுபவர் அனைத்தையும் இழக்கிறார்.

சட்டத்தின் இரு முகம்

இளையோரின் ஒப்பந்தம் குறித்த இந்தியச் சட்டம் விந்தையானது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி பதினெட்டு நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதியற்றவர். மோகரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் இத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று தீர்ப்பளித்தது. சிறாரைக் காக்கும் நோக்கமுடைய இவ்விதி, உழைக்கும் சிறாருக்கு எதிராகவும் திரும்பும் என்பதை ராஜ்ராணி எதிர் பிரேம் ஆதிப் என்னும் பம்பாய் வழக்கு (1949) காட்டியது. வயது நிரம்பாத நடிகைக்காக அவர் தந்தை திரைப்படத் தயாரிப்பாளருடன் ஒப்பந்தம் செய்தார். தயாரிப்பாளர் அதனை முறித்தார். நடிகை இழப்பீடு கோரினார். ஒப்பந்தமே செல்லாது, ஆகவே இழப்பீடும் இல்லை என்பது தீர்ப்பு. விதிவிலக்காக நின்றது தொழில் பழகுநர் ஒப்பந்தம்; 1961ஆம் ஆண்டுச் சட்டமும் காப்பாளர் கையொப்பமிட்டால் பதினான்கு வயதினரைப் பழகுநராகச் சேர்க்க இடமளித்தது. அதாவது இளையவர் ஒப்பந்தத்துக்குள் நுழையத் திறந்திருந்த வாயில் 'கற்பவர்' என்னும் பெயரே. ஒரு கழகம் பதினாறு வயதுப் பெண்ணின் தந்தையிடம் கையொப்பம் பெறும் தாளின் வலிமையை இப்பின்னணியில்தான் எடைபோட வேண்டும். அதைக் கொண்டு அவளைக் கட்டிவைக்கவும் இயலாது. அதைக் காட்டி அவள் வழக்காடவும் அரிது.

மற்றொரு முகம் சென்னையில் உருவானது. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு. வி. கலியாணசுந்தரனாரின் பங்கேற்புடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தமை, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் கோரிக்கையை நாடெங்கும் எழுப்பியது. அதன் விளைவான 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், பதினைந்து வயது நிரம்பியவர் சங்க உறுப்பினராகலாம் என்றது. தனியாகக் கையொப்பமிடத் தகுதியற்ற ஒரு பெண், பிறரோடு சேர்ந்து கோரத் தகுதியுடையவள் எனச் சட்டமே ஏற்றுக்கொண்டது. விளையாட்டுத்துறை ஆய்வுகள் இப்பிரிவைக் கவனியாது விட்டது இழப்பே.

விளையாட்டு 'வேலை' அன்று என்னும் வாதமும் இன்று நிற்காது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஈடுபடக்கூடிய வேலைகளுள் சர்க்கஸ் நீங்கலான விளையாட்டைக் கலையோடு சேர்த்துக் குறிப்பிட்டது. பள்ளிக்கல்வி பாதிக்கப்படலாகாது என்றது. 2017ஆம் ஆண்டு விதிகள், அவ்வாறு ஈட்டும் வருவாயில் 20 விழுக்காட்டையேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாக இடப் பணித்தன. வருவாய் இல்லாத இடத்தில் வைப்புத்தொகை விதி எழுத வேண்டியதில்லை.

பத்துப் பேருக்கு ஒரு வரம்பு

2023இல் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு, மகளிர் லீக்கின் முதல்நிலைக் கழகங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளையேனும் ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தத்தில் அமர்த்த வேண்டும் என முடிவெடுத்தது. மாதக் கணக்கில் இது 26,000 ரூபாய்க்குச் சற்று மேல். 2023-24 முதல் லீக்கும் உள்ளூர், வெளியூர் ஆட்டங்களாக மாதக்கணக்கில் நீண்டது. இது முன்னேற்றமே. ஆயினும் ஓர் அணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருப்பர். விதி காப்பது பத்துப் பேரை. எஞ்சியோர் யார்? புகழ்பெற்றவரைப் பத்துக்குள் வைப்பதே எந்தக் கழகத்தின் இயல்புமாகும். எனவே வரம்புக்கு வெளியே நிற்கும் வாய்ப்பு இளையவர்க்கே மிகுதி.

மேலும், இவ்வரம்பு மேலிருந்து வந்தது. ஸ்பெயினில் அவ்வாறு வரவில்லை. அங்கு முதல்நிலை வீராங்கனைகள் 2019 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தனர். 2020இல் முதல் கூட்டு ஒப்பந்தம் முழுநேர வீராங்கனைக்கு ஆண்டுக்கு 16,000 யூரோ என வரம்பிட்டது. உலகக்கோப்பையை வென்ற அடுத்த மாதமே, 2023 செப்டம்பரில், மீண்டும் வேலைநிறுத்தம். வரம்பு 21,000 யூரோவானது. இங்கிலாந்தில் 1901 முதல் நிலவிய உச்சவரம்புச் சம்பளம் 1961இல் ஒழிந்ததும் வீரர் சங்கத்தின் வேலைநிறுத்த அறிவிப்பால்தான். இந்தியாவில் 2006இல் பாய்ச்சுங் பூட்டியாவைத் தலைவராகக் கொண்டு வீரர் சங்கம் தொடங்கப்பட்டது. பின்னி ஆலைத் தறியாளர் பெற்ற அளவு பேரம்பேசும் வலிமையை மகளிர் கால்பந்து இன்னும் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

கழகத்தின் தரப்பு

கோரிக்கைக்கு எதிரான வலுவான வாதம் கழகத்தின் வரவு செலவு. மகளிர் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வருவாய் சொற்பம்; புரவலர் கைவிட்டால் கழகம் மூடப்படும். சேது போன்ற கழகம் கல்வி நிறுவனத்தின் தோளில் நிற்பது. இன்னொரு பாதகமும் உண்டு. இளம் வீரர் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தம் பெறும்போது அவரை வளர்த்த கழகங்களுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை செலுத்தும் ஃபிஃபா விதி மகளிர் கால்பந்துக்குப் பொருந்தாது. ஒரு பெண்ணை ஐந்தாண்டு வளர்த்த கழகம், அவள் வேறிடம் செல்கையில் வெறுங்கையோடு நிற்கிறது. வெளியேற விரும்புபவரின் தடையில்லாச் சான்றைக் காலந்தாழ்த்தும் எண்ணம் ஒரு நிர்வாகத்துக்குத் தோன்றினால், அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது.

இவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது சுட்டும் தீர்வு, கூட்டமைப்பு வளர்த்த கழகத்துக்கு ஒரு சிறு தொகையேனும் வழங்குவது. கற்பித்த செலவைக் கற்பவளின் கூலியில் கழிப்பது அவ்வாதத்திலிருந்து பெறப்படும் முடிவன்று.

எதைக் கோருவது?

இளம் வீராங்கனைகள் மேம்பட்ட ஒப்பந்தம் கோர வேண்டும். தனித்தனியே அன்று, சேர்ந்தே. கோரிக்கையின் முதற்பொருள் தொகையாக இருக்க வேண்டியதில்லை. மேற்கண்ட வரலாறு காட்டுவது இடையில் விழுபவரின் இழப்பை. ஆகவே காயமுற்றால் சிகிச்சையும், குணமாகும்வரை சம்பளமும், இடையில் விலகினால் அதுவரை ஆடியதற்கான சான்றிதழும், குறித்த நாளுக்குள் தடையில்லாச் சான்றும் எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் படி வீட்டில் இருக்க வேண்டும்; ஆங்கிலத் தாளில் கையொப்பமிட்ட தந்தைக்கு அதில் உள்ளது தெரியாது. பதினெட்டு நிரம்பாதவரின் ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்பது ஃபிஃபா விதி; அதைக் கேட்டுப் பெறுவதற்குப் பணம் தேவையில்லை. இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது காயக்காலச் சம்பளம் ஒன்றே. அதற்கும் கூட்டுக் காப்பீடு என்னும் வழி உண்டு.

தொகை குறித்து ஒரே கோரிக்கை போதும்: 2023ஆம் ஆண்டு விதியில் உள்ள 'பத்து' என்னும் எண்ணை நீக்குவது. அது உடனே இயலாதெனில், பதினோராம் வீராங்கனை முதல் பதிவுபெற்ற அனைவருக்கும் அவ்வரம்பின் ஒரு பங்கையேனும் மாதந்தோறும் வழங்குவது. ஆண்டிறுதியில் மொத்தமாக அன்று, மாதந்தோறும்.