காற்றிலே ஒரு கிணறு



தெமட்டகொடையிலே நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமுங் கொண்ட ஓர் அறையை எண்ணிக்கொள்ளுங்கள். புழுக்கமான ஒரு நாளில் அவ்வறைக் காற்றிலே ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாய்க் கலந்திருக்கிறது. அந்நீரைக் கதிரவன் துணைகொண்டு பிடித்துப் பருக இயலுமா? இவ்வினாவுக்கு மனிதர் விடை தேடிய வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

குழாயைத் திறந்தால் நீர் வரும் நகரத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1886ஆம் ஆண்டில் லபுகமை நீர்த்தேக்கம் நிறைவெய்திக் கொழும்புக்கு நீர் வழங்கத் தொடங்கியது. ஆயினும், 2016ஆம் ஆண்டு மே மாதத்திலே களனி கங்கை பெருகி அயலிலுள்ள கொலன்னாவையை மூடியபோது நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். வாசல்தோறும் வெள்ளம் நின்றது. குடிக்கும் நீரோ போத்தல்களில் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. நீர் சூழ்ந்திருந்தும் தாகந் தீராத நிலை கடலோடிகளுக்கு மட்டும் உரியதன்று.

இத்துறையின் முதற்பெருஞ் சாதனை தென்னமெரிக்காவிலே நிகழ்ந்தது. 1872ஆம் ஆண்டில், சிலி நாட்டின் அற்றக்காமாப் பாலைநிலத்திலே, லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில், வெடியுப்புச் சுரங்கத்தாரின் தேவைக்காக சார்ள்ஸ் வில்சன் என்னும் பொறியியலாளர் கண்ணாடிக் கூரையிட்ட மரத்தொட்டிகளை அமைத்தார். தொட்டியிலிருந்த உவர்நீர் வெயிலில் ஆவியாயிற்று. ஆவி கண்ணாடியின் உட்புறத்திலே ஒடுங்கி, நன்னீராய் வழிந்தது. சுமார் 4,700 சதுர மீற்றர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 22,500 லீற்றர் வரை கிடைத்ததாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது பயன் தந்தது.

காற்றிலிருந்தே நேரடியாக நீரெடுக்க முயன்றவர் இரசியரான சிபோல்ட். கிரிமியாவின் பியோதோசியா நகருக்கருகே கிடந்த கற்குவியல்களைக் கண்டு, அவை முன்னோர் பனிநீர் சேர்த்த அமைப்புகள் என்று அவர் கருதினார். 1912இல் தாமும் ஒரு கற்குவியலை எழுப்பினார். நாளொன்றுக்கு 360 லீற்றர் வரை கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே அடித்தளம் கசிந்து முயற்சி நின்றது. பழைய குவியல்களோ கல்லறைகள் என்று பின்னர் தெரியவந்தது. தவறான எண்ணத்திலே பிறந்த சோதனையும் உண்மையான நீரைத் தந்தது வியப்பன்றோ!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அங்கேரியிற் பிறந்த மரியா தெல்கெஸ் அம்மையார், உயிர்காப்புத் தெப்பத்தில் வைக்கத்தக்க, காற்றடைத்து விரிக்கும் சூரிய வடிகலத்தை அமெரிக்காவில் உருவாக்கினார். தெப்பத்தில் தத்தளிப்போனுக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றரளவு நீர் கிடைத்தாலும் அது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகும்.

2017ஆம் ஆண்டில் ஓமர் யாகி என்னும் வேதியியலறிஞரும் அவர்தம் துணைவரும், நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள் ஈரப்பதன் மிகக் குறைந்த காற்றிலிருந்தும் ஆவியைப் பற்றிக்கொள்வதையும், வெயில் பட்டதும் அதனை விடுவிப்பதையும் காட்டினர். யாகி அம்மான் நகரிலே, தண்ணீர் எப்போதாவது வரும் அகதிக் குடும்பத்தில் வளர்ந்தவர். இத்தகைய பொருள்களை ஆக்கியமைக்காக 2025இல் வேறிருவருடன் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவை யாவற்றுக்கும் பொதுவான ஒரு தடையுண்டு. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்கப் பெருமளவு வெப்பம் வேண்டும். ஆவி ஒடுங்கும்போது அதே வெப்பத்தை அகற்றவும் வேண்டும். ஆதலால், நல்ல வெயிலிலும் ஒரு சதுர மீற்றர் வடிகலம் நாளுக்கு மூன்று நான்கு லீற்றரே தரும். குளிக்கவும் துவைக்கவும் அது போதாது; ஒருவர் குடிப்பதற்குப் போதும். எண்ணெய் கலந்த வெள்ளநீராயின், அதன் ஆவியும் உடன் வடியக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. வானம் மூடியிருக்கும் நாளில் விளைவு இன்னுங் குறையும்.

எனவே லபுகமைக் குழாய்க்கு இது மாற்றன்று. வெள்ளம் வடிந்து வெயில் எறிக்கும் முதல் நாட்களிலே, குழாயும் கிணறும் கைவிட்ட வேளையிலே, ஒரு கண்ணாடித் தட்டும் கருநிறத் தொட்டியும் ஓர் உயிரைத் தாங்கலாம். அவ்வறிவு நம் மாணவர் ஒவ்வொருவரிடமும் இருத்தல் நலம்.