ஒரு தட்டா, இரண்டு தட்டா?

ஆங்கிலத் தட்டச்சில் முற்றுப்புள்ளி வைத்தபின் ஸ்பேஸ் பாரை எத்தனை முறை தட்டுவது என்பதற்கு இன்று இரண்டு விதிகள் புழக்கத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் லோயர், ஹையர் தேர்வுகளுக்காக டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சேருபவர் படிப்பது ஒன்று: காற்புள்ளிக்குப் பின் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு. அதே சான்றிதழோடு வேலைக்குப் போய்க் கணினியில் ஆங்கிலக் கடிதம் அடித்தால் மைக்ரோசாஃப்ட் வேர்ட் அந்த இரண்டாவது இடைவெளியின் கீழ்க் கோடு போட்டுத் திருத்தச் சொல்கிறது. 2020 முதல் அதற்கு அது பிழை.

முன்னதைத் தட்டச்சு விதி என்றும் பின்னதைக் கணினி விதி என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்று பழசு, மற்றது புதுசு என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால் அடிப்படையான வேறுபாடு ஒன்று தெரிகிறது. தட்டச்சு இயந்திரத்தில் விரல் தட்டுவதுதான் தாளில் விழும். கணினியில் விரல் தட்டுவது ஒன்று, கண்ணில் படுவது இன்னொன்று. இதைக் கவனிக்காததால்தான் இந்த வாதம் இத்தனை ஆண்டுகளாக முடியாமல் நீள்கிறது.

தட்டச்சு விதியின் நியாயத்தை முதலில் பார்ப்போம். பழைய ரெமிங்டன் வகை இயந்திரத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அங்குலத்துக்குப் பத்து எழுத்து அல்லது பன்னிரண்டு எழுத்து என்பது கணக்கு. ஒல்லியான ஆங்கில 'ஐ'யும் பருத்த 'எம்'மும் ஒரே அளவு இடத்தில்தான் நிற்க வேண்டும். கடுகளவுப் புள்ளிக்கும் முழுக் கட்டம் ஒன்று உண்டு. ஆகவே தாளில் எங்கு பார்த்தாலும் வெள்ளை இடம். 'ஐ'யின் இருபுறமும் வெள்ளை, காற்புள்ளியைச் சுற்றியும் வெள்ளை. அந்த நெரிசலில் ஒற்றை இடைவெளி, வாக்கியம் முடிந்ததைக் காட்டப் போதாது. இரண்டாவது தட்டு தேவைப்பட்டதற்கு இயந்திரமே காரணம்.

என்றாலும் இந்த வழக்கத்தைத் தட்டச்சு இயந்திரம்தான் தொடங்கிவைத்தது என்பது சரியில்லை. அகன்ற இடைவெளி அச்சகத்தில் முன்பே இருந்தது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு, 1911 பதிப்பில், கம்பாசிட்டருக்குச் சொல்லும் அளவு இது: சொற்களுக்கு இடையே 'எம்' என்ற அச்சு அளவில் மூன்றில் ஒரு பங்கு, வாக்கியம் முடிந்தால் முழு 'எம்'. அதாவது மூன்று மடங்கு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்தவர் வெவ்வேறு அகலமுள்ள ஈயத் துண்டுகளை வைத்து அந்த அளவைக் கொண்டுவர முடிந்தது. தட்டச்சரிடம் இருந்தது ஒரே அகலமுள்ள ஒரே கட்டை. அவரால் செய்ய முடிந்தது, அதை இருமுறை தட்டுவது மட்டுமே.

பிறகு அச்சகத்தின் ரசனை மாறியது. 1947 முதல் 1949 வரை பெங்குவின் நிறுவனத்தில் வடிவமைப்பைக் கவனித்த யான் சிக்கோல்ட், அகன்ற இடைவெளிகளை அடியோடு தவிர்க்கச் சொல்லி விதிகள் வகுத்தார். பக்கத்தை எட்ட நின்று பார்க்கையில் அங்கங்கே வெள்ளை ஓட்டைகள் தெரியக்கூடாது, எழுத்துப் பரப்பு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது அந்த ரசனை. புத்தகம் ஒற்றை இடைவெளிக்கு வந்தபின்னும் தட்டச்சு வகுப்பு இரட்டையை விடவில்லை. அங்கே எழுத்தின் அகலம் மாறவில்லையே!

கணினி வந்ததும் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் வசதி எல்லோருக்கும் கிடைத்தது. 'ஐ'க்குக் குறுகிய இடம், 'எம்'முக்கு அகன்ற இடம், புள்ளிக்கு அதற்கேற்ற சிறிய இடம். இரண்டாம் தட்டுக்கான காரணம் அங்கேயே போய்விட்டது. ஆனால் கணினிக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. டொனால்ட் நூத் 1978-இல் முதல் வடிவம் தந்த 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு தட்டுத் தட்டினாலும் ஐந்து தட்டினாலும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு, வாக்கிய முடிவு என்று தான் கணித்த இடத்தில் தானாகவே கொஞ்சம் அகலம் கூட்டும். அதன் வழக்கமான பத்துப் பாயின்ட் எழுத்தில் இந்தக் கூடுதல், சாதாரண இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு. இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல்லும் தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்குகிறது. ஆனால் அகலம் எதையும் கூட்டுவதில்லை. இரண்டிலும் உங்கள் இரண்டாவது தட்டு வீண். ஐபோனில் ஸ்பேஸை இருமுறை வேகமாகத் தட்டிப் பாருங்கள். திரையில் விழுவது ஒரு முற்றுப்புள்ளியும் ஒரே ஒரு இடைவெளியும்.

படிப்பவர் கண்ணுக்கு எது நல்லது? 2018-இல் அமெரிக்காவின் ஸ்கிட்மோர் கல்லூரி ஆய்வாளர்கள் 60 மாணவர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்தார்கள். இரட்டை இடைவெளியால் வாசிப்பு வேகம் கூடியது ஏறக்குறைய மூன்று சதவீதம். அதுவும் தாங்களே இரட்டை தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். புரிதலில் மாற்றமில்லை. சோதனைக்கு எடுத்த எழுத்துரு கூரியர் நியூ, தட்டச்சு எழுத்தைப் போலவே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்டது. ஆக, தட்டச்சு விதிக்குச் சாதகமான களத்திலேயே அதற்குக் கிடைத்த வெற்றி இவ்வளவுதான். இரட்டை இடைவெளியை 2009 பதிப்பில் கையெழுத்துப்படிகளுக்குப் பரிந்துரைத்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடும் 2019-இல் ஒற்றைக்கு மாறிவிட்டது.

கண் என்ற அளவுகோலில் கணினி விதி வெல்கிறது. தகவல் என்ற அளவுகோலில் அவ்வளவு எளிதாக வெல்வதில்லை. ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்பதன் சுருக்கத்துக்குப் பின்னும் புள்ளி வரும், வாக்கியத்தின் கடைசியிலும் புள்ளி வரும். இரட்டை தட்டுபவரின் கோப்பில் இவை தனித்தனியாகத் தெரியும். ஒற்றையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஈமேக்ஸ் என்ற எழுதுகருவி, நாம் அமைப்பை மாற்றாதவரை, வாக்கிய முடிவில் இரண்டு இடைவெளியை எதிர்பார்ப்பது இதனால்தான். 'டெக்' வேறு வழியில் ஊகிக்கிறது: புள்ளிக்கு முன்னால் பெரிய எழுத்து இருந்தால் அது பெயரின் முதலெழுத்து, வாக்கியம் முடியவில்லை.

இந்த ஊகம் தமிழில் செல்லாது, ஏனெனில் நம்மிடம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. முதலெழுத்துகளோ நம் பெயர்களில் நிறைய. 'உ. வே. சாமிநாதையர்', 'மு. வரதராசன்' என்று இடம் விட்டு எழுதினால் ஒவ்வொரு புள்ளியும் இயந்திரத்துக்கு ஒரு வாக்கிய முடிவாகத் தோன்றலாம். உரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் முதலெழுத்திலேயே நின்றுவிடலாம். 'மு.' ஒரு வரியின் கடைசியிலும் 'வரதராசன்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழலாம். மனிதருக்கு இந்தக் குழப்பம் இல்லை. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிவதால் 'வந்தார்', 'சொன்னாள்' என்று கண்டதுமே முடிவு தெரிந்துவிடுகிறது.

அதற்காகத் தமிழில் இரட்டைத் தட்டைக் கொண்டுவர வேண்டியதில்லை. பக்கம் வடிவமைப்பவர் முதல் வேலையாக அதைத் தேடி ஒற்றையாக மாற்றிவிடுவார். கவனிக்க வேண்டிய இடம் பெயருக்குள் வரும் புள்ளி. 'உ.வே.சாமிநாதையர்' என்று இடைவெளியே இல்லாமல் அடிப்பது ஒரு வழி. இடம் விட்டே ஆக வேண்டுமென்றால், வேர்டில் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினால் வரியில் பிரியாத இடைவெளி விழும். வாக்கியத்தின் முடிவில் ஒரு தட்டுப் போதும். அது எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது பக்கத்தை அமைப்பவரின் வேலை.