முகப்பும் குத்தகையும்: ஜார்ஜ் டவுன் கடைவீடுகளும் சிறுவணிகமும்

பழைய கடைத்தெருவைச் செப்பனிட்டால் சிறுவணிகர் தழைப்பார் என்று ஒரு சாராரும், செப்பனிடுவதே அவர்களை விரட்டுகிறது என்று மறுசாராரும் வாதிடுகின்றனர். இரு தரப்பும் கட்டடத்தின் நிலையை வைத்தே கடைக்காரரின் நிலையைக் கணிக்கின்றன. மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனில் நடந்தவற்றின் காலவரிசை இக்கணிப்புக்கு இடம் தரவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியோடு முடிந்தது. யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததோ 2008 ஜூலையில். அதற்குள் பழைய வாடகையில் காலந்தள்ளிய பலர் வெளியேறிவிட்டனர். ஆகவே மரபு மீட்பை முதற்குற்றவாளியாக்க முடியாது; வெளியேற்றம் குத்தகையில் தொடங்கியது.

கடைவீட்டின் அமைப்பைப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். முன்னே ஐந்தடி நடைபாதை, கீழே கடை, பின்னே பட்டறையோ கிடங்கோ, நடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்த முற்றம், மாடியில் குடித்தனம். பருப்பு மூட்டையும் பிரம்புக்கூடையும் நடைபாதை வரை பரந்து கிடக்கும். மாடியில் குடியிருந்தவரே கீழ்க்கடையின் வாடிக்கையாளர். காலையில் ஐம்பது கிராம் மல்லியும் மாலையில் ஒரு மின்விளக்கும் வாங்கியவர். வாடகை உயர்ந்தபோது மளிகைக்காரர் தம் இடத்தோடு இவர்களையும் சேர்த்தே இழந்தார். காலியான வீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவி வளர்த்துக் கூடு எடுக்கும் தொழில் புகுந்தது. சுவர் நின்றது, ஓடும் நின்றது, உள்ளே வணிகம் இல்லை. கட்டடக் காப்பையே அளவுகோலாகக் கொள்வோருக்கு இதைவிடச் சங்கடமான சான்று வேண்டியதில்லை.

பட்டியலில் இடம்பெற்றபின் வந்த விதிகள் கட்டுமானப் பொருளைப் பற்றியவை. சிமென்டுப் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்துச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை வெளிவிடும். ஆகவே சுண்ணாம்பை வற்புறுத்துவது முற்றிலும் சரி. ஆனால் யுனெஸ்கோ ஏற்ற காரணங்களுள் ஒன்று, அந்நகரம் பல இனத்தாரின் வாழும் மரபுக்குச் சான்றாக இருப்பது. பினாங்கு ஸ்ட்ரீட்டின் மாலை கட்டுவோரும் மசாலாக் கடைக்காரரும் அந்தச் சான்றின் பகுதியே. காரையின் கலவையை நுணுகி வரையறுக்கும் நிர்வாகம், அவர்களின் குத்தகைக்காலத்தை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது முரண்.

வாடகைக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பச் சொல்கிறேனா என்று கேட்கலாம். இல்லை. சொற்ப வாடகை வாங்கியவருக்கு ஒழுகும் கூரையை மாற்ற எந்தத் தூண்டுதலும் இருக்கவில்லை. கடைவீடுகள் சிதைந்ததில் அச்சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பேரங்காடியும் இணையமும் வந்தபின் இக்கடைகள் எப்படியும் மூடியிருக்கும் என்பது வலுவான மறுப்பு. சில தொழில்களுக்கு அது உண்மைதான். ஆனால் நலிந்து மூடுவதும் வணிகம் நடந்துகொண்டிருக்கும்போதே காலி செய்வதும் ஒன்றல்ல. குத்தகை உறுதி இருந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். சுற்றுலாப் பயணி புது வாடிக்கையாளர் ஆவார் என்கிறார்கள். அவர் காப்பி குடிப்பார், சுவரோவியத்தின் முன் படம் எடுப்பார்; ஆணியும் தாழ்ப்பாளும் வாங்கமாட்டார்.

பொதுப்பணம் முகப்போடு நில்லாமல் குத்தகையோடு பிணைக்கப்பட வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2015இல் வாக்காளர் ஏற்ற மரபு வணிக நிதி இதற்கு முன்மாதிரி: பதிவுபெற்ற பழைய கடைக்குக் குறைந்தது 10 ஆண்டுக் குத்தகை தரும் உரிமையாளருக்கு, இடத்தின் பரப்பளவைக் கணக்கிட்டு மானியம் கிடைக்கும். அங்கே உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவருடைய கணக்கை மாற்றினார்கள். ஜார்ஜ் டவுனில் இது இன்னும் எளிதாகலாம், ஏனெனில் கொங்சி எனப்படும் சீனக் குலச்சங்கங்களும் கோயில்களும் வக்ஃபு அறநிலைகளும் அங்கே வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வைத்திருக்கின்றன. தனி முதலீட்டாளரைப்போல உடனே விற்று லாபம் பார்க்கும் அவசரம் அவற்றுக்குக் குறைவு. மானியத்தோடு இன்னொரு நிபந்தனையும் தேவை: செப்பனிடும் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் கதவடைத்த மளிகைக்கடைக்குத் திறப்பு விழா நடத்தலாம். அதற்குள் வேறு கடையில் கணக்கு வைத்துவிட்ட வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவர எந்த மானியத்திலும் வழியில்லை.