மெழுகுத் துணி போன வழி

கூடலூரை ஒட்டிய மலைகளில் பளியர்கள் தேனெடுப்பார்கள். அடையைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையை உருக்கி வடிகட்டினால் மெழுகு. நம் ஊர்ப் பிள்ளை யாராவது நவீன ஓவிய வரலாறு படிக்கப் போகிறேன் என்றால், பாரிஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த மெழுகைப் பிடி என்பேன்.

சோழமண்டலக் கரையில் கலம்காரி எழுதியவர்கள், நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் முக்கினார்கள். பிறகு வெந்நீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும். இந்தக் கரையின் துணிகள் கப்பலேறிக் கிழக்கே போய், மிளகும் கிராம்புமாகத் திரும்பின. ஜாவாவில் இதே மெழுகு முறைச் சாயவேலை பத்திக் என்ற பெயரில் ஒரு பெருங்கலையாக வளர்ந்தது. எது எதற்குத் தாய் என்ற வழக்கு இருக்கிறது. நம் துணியின் பூவேலை அங்கே பதிந்திருப்பதை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் பத்திக்கை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1890-களில் தோர்ன் பிரிக்கர், லியோன் காஷே போன்ற ஓவியர்கள் அதைத் தங்கள் ‘புதிய கலை’க்குச் சேர்த்துக்கொண்டார்கள். 1927-இல் தாகூர் ஜாவா போனபோது கூடப் போன சுரேந்திரநாத் கர் அந்தத் தொழிலைச் சாந்திநிகேதனில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர்.

சென்னைக் கதைதான் எனக்கு முக்கியம். 1957-இல் கவின்கலைப் பள்ளியின் தலைமைக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை: படித்து வெளியே வரும் பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள்? அன்றைய சென்னையில் நவீன ஓவியம் வாங்க ஆளில்லை. புடவையும் திரைச்சீலையும் வாங்க ஆளிருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கைவினைச் சங்கம் அமைத்து, பத்திக் துணியும் தோல் வேலைப்பாடும் செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்து, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் சவுக்கு மணலானது. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. நாளில் ஒரு பகுதி கைவினைக்கு, மிச்சம் சொந்த ஓவியத்துக்கு. அரசாங்க மானியத்தை நம்பித் தொடங்கிய இடமல்ல அது.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதே கிராமத்து ஓவியர் ராமானுஜத்தின் கனவுலக மசிச்சித்திரங்களைப் பற்றியும். துணிக்கு அரை வரிதான். கைவினை என்றால் ஒரு படி கீழே என்ற பழைய திமிர் இது. ஐரோப்பாவைப் பார்த்து வரையாதே என்று பேசியவர்களின் கதையை எழுதும்போதும் ஐரோப்பியத் தராசையே எடுத்து வைக்கிறோம்.

எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. சென்னை ஓவியர்களின் அடையாளம் கோடு என்பார்கள். பத்திக்கில் மெழுகு ஆறுவதற்குள் கோட்டை இழுத்து முடித்தாக வேண்டும். இழுத்ததை அழித்துத் திருத்துவது பெரும்பாடு. காலையில் பிழைப்புக்காக இப்படிக் கோடு போட்ட கை, மாலையில் தூரிகையை எடுக்கும்போது அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டா வந்திருக்கும்?